சத்தம் முன்னே வந்தது, வீடு பின்னே வந்தது

(பட்டிமன்றத் தலைப்பு: "நெடுங்காலமாக நடக்கும் பந்தயத் திடலா, பக்கத்திலே குடிவந்தவரின் அமைதியா – சட்டம் காக்க வேண்டியது எதை?" 'பந்தயத் திடலையே' என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியவரின் உரை.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எனக்கு முன்னாலே பேசி என் வேலையில் பாதியைக் குறைத்துவிட்ட எங்கள் அணித் தலைவர் அவர்களே, இப்போதுதான் பேசி முடித்து அரங்கத்திலே பாதிப் பேரைக் கண்ணைத் துடைக்க வைத்துவிட்டு அமர்ந்திருக்கிற எதிரணிச் சகோதரி அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வீட்டுக் கூடத்திலே டி.வி.க்கு முன்னாலே முறுக்குத் தட்டோடு உட்கார்ந்திருக்கிற அன்பு நெஞ்சங்களே!

இந்தத் தலைப்பு கைக்கு வந்ததும் வீட்டிலே சொன்னேன். "சத்தத்தைப் பத்திப் பேசக் கூப்பிட்டிருக்காங்க"ன்னேன். என் மனைவி சொன்னாள், "சரியான ஆளைத்தான் கூப்பிட்டிருக்காங்க. ராத்திரி நீங்க விடுற குறட்டையிலே எதிர்வீட்டு நாய் எழுந்து குரைக்குது." (சிரிப்பு)

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "இந்தா பாரு, நான் சின்ன வயசிலேருந்தே குறட்டை விடுறவன். இந்த வீட்டிலே முதல்ல வந்தது என் குறட்டை. பிறகு வந்தவ நீ. பின்னாலே வந்துட்டு முன்னாலே இருந்ததைக் குத்தம் சொல்லலாமா?"ன்னு கேட்டேன். அப்படிப் பார்த்தாள் பாருங்கள் ஒரு பார்வை! "பொண்ணு பார்க்க வந்தப்போ பஜ்ஜி சாப்பிட்டுக் காட்டினீங்க. தூங்கிக் காட்டினீங்களா?" என்றாள். (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, நான் அங்கேயே தோற்றுவிட்டேன். ஆனால் அந்த ஒரு கேள்வியை அப்படியே எடுத்துக்கொண்டுதான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன். அது எங்கே போய் நிற்கிறது என்று கடைசியிலே பாருங்கள்.

சகோதரி என்ன சொன்னார்கள்? தொட்டிலிலே குழந்தை தூங்குகிறது, தூரத்திலே மோட்டார் சைக்கிள் அலறுகிறது, குழந்தை திடுக்கிட்டு அழுகிறது. "அந்தக் குழந்தைக்கு எது முன்னே வந்தது, எது பின்னே வந்தது என்று தெரியுமா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அந்தக் குழந்தைக்கு எதிராக நான் வாதாட வரவில்லை. அந்தக் குழந்தையை அந்த இடத்திலே கொண்டுவந்து படுக்க வைத்தது யார் என்று விசாரிக்க வந்திருக்கிறேன்.

முதலிலே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். ரேஸ் என்று சொன்னவுடனே நம்ம ஆட்களுக்குக் கிண்டிக் குதிரைதான் ஞாபகம் வரும். இன்றைக்குப் பேச்சு குதிரையைப் பற்றி அல்ல. கார், மோட்டார் சைக்கிள் ஓடுகிற திடலைப் பற்றி. அதிலேயும் பெரிய கோடீஸ்வரர்கள் வந்து போகிற பந்தயம் மட்டும் அல்ல. இங்கிலாந்திலே 'ஸ்பீட்வே' என்று ஒரு பந்தயம். முட்டை வடிவத்திலே மண் தடம். நாலு சுற்று. வண்டிக்கு ஒரே ஒரு கியர். பிரேக்கே கிடையாது! (சிரிப்பு) சிரிக்காதீர்கள், உண்மை. பிரேக் இல்லாத வண்டியைச் சறுக்கிச் சறுக்கித்தான் திருப்புகிறார்கள். ஓட்டுகிறவர்களிலே பலபேர் வேறு வேலை பார்த்துக்கொண்டு வார இறுதியிலே ஓட்டுகிறவர்கள். பார்க்க வருகிறவர்கள் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள். நம்ம ஊர்த் திருவிழாக் கூட்டம் மாதிரிதான் வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்தத் திடலுக்கு ஒரு வழக்கு வந்தது. அதைச் சொல்வதற்கு முன்னாலே, இந்தச் சண்டையின் வேரைச் சொல்லவேண்டும். வேர் எங்கே இருக்கிறது தெரியுமா? ஒரு மிட்டாய்க்காரரின் சமையல்கட்டிலே.

லண்டன் மாநகரம். விக்மோர் தெரு. அங்கே ஒரு மிட்டாய்க்காரர். இரண்டு பெரிய உரல் வைத்து இடிக்கிறார். இருபது வருஷத்துக்கு மேலாக இடித்துக்கொண்டிருக்கிறார். பின்பக்கத்து வீட்டிலே ஒரு டாக்டர். அவருக்கும் உரலுக்கும் எந்தச் சண்டையும் இல்லை. ஏனென்றால் நடுவிலே தோட்டம் இருந்தது. 1873-இலே டாக்டர் என்ன செய்தார்? தோட்டத்துக் கோடியிலே, மிட்டாய்க்காரரின் சுவரை ஒட்டி, நோயாளிகளைப் பார்க்க ஒரு அறை கட்டினார். கட்டிவிட்டு ஸ்டெதஸ்கோப்பை வைத்தால், நோயாளியின் நெஞ்சு அடிக்கிற சத்தம் கேட்கவில்லை. பக்கத்து உரல் அடிக்கிற சத்தம்தான் கேட்கிறது! (சிரிப்பு) கோர்ட்டுக்குப் போனார். 1879-இலே தீர்ப்பு. யாருக்கு ஜெயம்? டாக்டருக்கு.

"அய்யா, நான் இருபது வருஷமா இடிக்கிறேன், இவர் நேற்றுதானே அறை கட்டினார்" என்று மிட்டாய்க்காரர் சொன்னார். "இருபது வருஷம் நீ இடித்தாய், ஆனால் அப்போது அது யாருக்கும் தொல்லையாக இல்லையே; தொல்லை என்று ஆனதே அறை கட்டிய பிறகுதான்; ஆகவே உன் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும்" என்று சொல்லிவிட்டார்கள். நடுவர் அவர்களே, சட்டம் படித்தவர்கள் இதற்கு நூறு காரணம் சொல்வார்கள். எனக்கு என்னவோ, இது பஸ்ஸிலே சீட்டுப் பிடித்து உட்கார்ந்திருப்பவரை, பிறகு ஏறியவர் எழுப்பிவிட்ட கதையாகத்தான் படுகிறது. (கைதட்டல்)

நூறு வருஷம் தள்ளி வருவோம். இங்கிலாந்தின் வடக்கே டர்ஹாம் மாவட்டம். லின்ட்ஸ் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு கிரிக்கெட் மைதானம். சுமார் 70 வருஷமாக ஆடிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்திலே வயல். சிக்ஸர் அடித்தால் பந்து போய் வயலிலே விழும். மாடு நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மேயும். மாடு கேஸ் போடவில்லை. (சிரிப்பு)

1972 வாக்கிலே அந்த வயலிலே வீடு கட்டினார்கள். கட்டியவர்கள் மைதானத்தைப் பார்க்காமலா கட்டினார்கள்? தோட்டத்து வேலிக்கு அந்தப் பக்கம் மட்டையோடு ஆள் நிற்கிறான்! வாங்கிக் குடிவந்தவர்களின் தோட்டத்திலே பந்து விழ ஆரம்பித்தது. ஓடு உடைந்தது. குடிவந்தவர்களுக்கு வெளியே உட்காரப் பயம். அந்தப் பயமும் பொய் இல்லை. சங்கத்துக்காரர்கள் சொன்னார்கள்: "வேலியை உயர்த்துகிறோம், உங்கள் தோட்டத்துக்கு மேலே வலை கட்டித் தருகிறோம், உடையாத கண்ணாடி போட்டுத் தருகிறோம்." ஒத்துவரவில்லை. கோர்ட்டுக்குப் போனது. 1977-இலே தீர்ப்பு. மூன்று நீதிபதிகள். இரண்டு பேர் 'தொல்லை தொல்லைதான்' என்றார்கள். டென்னிங் பிரபு என்ற நீதிபதி மட்டும் ஊர் மைதானத்துக்காக உருகி உருகி எழுதினார். ஆனால் ஆட்டத்தை நிறுத்து என்று உத்தரவு போட மட்டும் மூவரிலே இருவர் மறுத்துவிட்டார்கள். 400 பவுண்டு நஷ்டஈடு. மட்டை பிழைத்தது.

இப்போது சொன்னேனே, ஸ்பீட்வே திடல். அதற்கு வருகிறேன்.

சஃபோக் மாவட்டத்திலே மில்டன்ஹால் என்று ஒரு ஊர். விமானப்படைத் தளத்துக்குப் பெயர் போன ஊர். அதன் பக்கத்திலே 1975-இலே அனுமதி வாங்கி ஒரு திடல் கட்டினார்கள். மறு வருஷத்திலிருந்து ஸ்பீட்வே. 1984-இலிருந்து ஸ்டாக் கார் பந்தயம். 1992-இலே பின்னாலே இன்னொரு மண் தடம் போட்டு மோட்டோகிராஸ். ஆக 2006 ஜனவரியிலே, முப்பது வருஷம் திடல் ஓடிய பிறகு, 560 மீட்டர் தள்ளி ஒரு வீட்டை இரண்டு பேர் விலைக்கு வாங்கிக் குடிவந்தார்கள். வந்த சில மாதத்திலேயே சத்தம் பொறுக்கவில்லை என்று புகார். நகராட்சி நோட்டீஸ் கொடுத்தது. திடல்காரர்கள் சத்தத்தைக் குறைக்கச் சில வேலைகளும் செய்தார்கள். போதவில்லை. வழக்கு.

எட்டு வருஷம், நடுவர் அவர்களே! கீழ்க்கோர்ட்டிலே 2011-இலே வீட்டுக்காரர் ஜெயித்தார். அப்பீலிலே 2012-இலே திடல் ஜெயித்தது. 2014 பிப்ரவரியிலே இங்கிலாந்தின் சுப்ரீம் கோர்ட் மறுபடியும் வீட்டுக்காரர் பக்கம். இதற்கு நடுவிலே 2010-லேயே அந்த வீடு தீப்பிடித்துக் குடியிருக்க முடியாமல் போய்விட்டது. தூங்குவதற்கு வீடு இல்லை. தூக்கம் கெடுகிறது என்ற கேஸ் மட்டும் நடக்கிறது!

கணக்கைக் கேளுங்கள். கீழ்க்கோர்ட் கொடுத்த நஷ்டஈடு 20,750 பவுண்டு. அந்த ஒரு கோர்ட்டிலே மட்டும் வீட்டுக்காரர் தரப்புக்கு ஆன செலவு, வக்கீல் பீஸ், ஜெயித்தால் கூடுதல் பீஸ், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து, பத்து லட்சம் பவுண்டுக்கு மேலே! அதிலே 60 சதவீதத்தைத் திடல் தரப்பு கட்டவேண்டும். இருபதாயிரத்துச் சண்டைக்குப் பத்து லட்சம். சுப்ரீம் கோர்ட் நீதிபதிகளே இந்தக் கணக்கைப் பார்த்துக் கவலைப்பட்டு எழுதினார்கள். கோழிக்குக் காலொடிந்ததற்கு யானையை விற்று வைத்தியம் பார்த்த கதை. (கைதட்டல்)

ஊர்ச் சனம் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற ஒரு சின்னத் திடல் இதைத் தாங்குமா? சட்டத்திலே தோற்க வேண்டியதில்லை. வழக்கு நடந்தாலே போதும், கதவைச் சாத்திவிட வேண்டியதுதான். அதனால்தான் சட்டத்தின் காவல் முன்கூட்டியே வேண்டும் என்கிறோம். கேஸ் முடிந்த பிறகு கிடைக்கிற நியாயம் பணக்காரனுக்குத்தான் பயன்படும்.

எதிரணித் தலைவர் குறிப்பெடுத்துக்கொண்டே இருக்கிறார். என்ன எழுதுகிறார் என்று எனக்குத் தெரியும். "மில்டன்ஹாலிலே அந்த வீடு எப்போது கட்டியது? அதைச் சொல்லாமல் போகிறானே" என்று எழுதுகிறார். நானே சொல்லிவிடுகிறேன் அய்யா. அந்த வீடு 1950-களிலே கட்டியது. திடலுக்கு முன்னாலேயே இருந்த வீடு. ஆள்தான் புதுசு, வீடு பழசு. (எதிரணியில் கைதட்டல்) தட்டுங்கள், தட்டுங்கள். அதனால்தான் அந்தத் தீர்ப்பு அப்படி வந்தது. வீட்டை வாங்கியவருக்கு வீட்டின் பழைய உரிமையும் கூடவே வரும் என்றார்கள். ஆனால் அதே தீர்ப்பிலே இன்னொரு கதவையும் கொஞ்சம் திறந்து வைத்தார்கள்: திடல் வந்த பிறகு ஒருவர் வெறும் நிலத்திலே புதிதாக வீடு கட்டிக்கொண்டு வந்து குறை சொன்னால், அப்போது "நான்தான் முதலில் வந்தேன்" என்ற பேச்சு எடுபடலாம் என்று. நான் அந்தத் திறந்த கதவு வழியாகத்தான் உள்ளே வருகிறேன்.

நடுவர்: பார்த்து வாங்க, நேரம் போயிக்கிட்டிருக்கு. (சிரிப்பு)

வருகிறேன் அய்யா. இங்கிலாந்தை அப்படியே வைத்துவிட்டு, ஒரு நிமிஷம் என் சொந்த ஊருக்குப் போய்வருகிறேன். இது பந்தயத் திடல் இல்லை. ஆனால் இதே கதை.

தென்காசிப் பக்கம் ஒரு சின்ன ஊர். என் அப்பா 1968-இலே ஊருக்கு வெளியே ஒரு மாவு மில் வைத்தார். பத்துக் குதிரைச் சக்தி மோட்டார். நீளமான பெல்ட். ஊருக்கு வெளியே ஏன் வைத்தார் தெரியுமா? சத்தம் யாருக்கும் தொந்தரவாக இருக்கக்கூடாது என்றுதான். மிளகாய் அரைத்தால் தும்மல் வரும், மல்லி அரைத்தால் மணம் வரும். சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்தால் புருவம் வரைக்கும் வெள்ளை. அந்த மாவிலேதான் நானும் என் தங்கையும் படித்தோம்.

1991-இலே மில்லுக்குப் பக்கத்துப் புஞ்சையை ஒருவர் வாங்கி மனை போட்டார். கல் நட்டு, சுண்ணாம்பு அடித்து, கொடி கட்டி, 'அமைதியான சூழல்' என்று போர்டு வைத்தார். மனை பார்க்க ஆட்களை வேனிலே கூட்டிக்கொண்டு வருவார். எப்போது வருவார் தெரியுமா நடுவர் அவர்களே? வெள்ளிக்கிழமை மட்டும். கேட்டால் "மங்களகரமான நாள்" என்பார். எங்கள் மில்லுக்கு வார லீவு வெள்ளிக்கிழமை! (சிரிப்பு, கைதட்டல்)

முதல் வீடு கட்டிக் குடிவந்தவர் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். அவர் வீட்டம்மாவுக்கு இருதயக் கோளாறு. மாசம் ஒன்று போனது. சார் மில்லுக்கு வந்தார். அப்பாவும் பெஞ்சைத் துடைத்து உட்கார வைத்தார். அவர் சண்டை போடவில்லை. "அண்ணாச்சி, உங்க மேலே தப்பில்லே. ஆனா அவளாலே பகல்லே ஒரு நிமிஷம் கண்ணசர முடியலே. என் பி.எஃப். பணம் பூராவும் இந்த வீட்டிலே போட்டுட்டேன். வித்துட்டுப் போகவும் வழியில்லே"ன்னார். அப்பா, "மத்தியானம் ரெண்டு மணி நேரம் நிறுத்திக்கிடுதேன் சார்"ன்னார். நிறுத்தினார். கொஞ்ச நாள் ஓடியது. அதற்குள்ளே இன்னும் இருபது வீடு வந்தது. எல்லாருமா சேர்ந்து மனு எழுதினார்கள். அதிகாரிகள் வந்து அளந்தார்கள். 1994-இலே மில்லை மூடினோம். மோட்டாரை எடைக்குப் போட்டோம். அரவைக் கல்லை அப்பா விற்கவில்லை, வாசல்படியிலே போட்டார். இன்றைக்கும் அதை மிதித்துத்தான் எங்கள் வீட்டுக்குள்ளே போகவேண்டும்.

மூடிய பத்து நாளிலே அந்தக் காலனியிலிருந்தே ஒரு அம்மா தூக்குவாளியிலே அரிசியோடு வந்து நின்றார்கள். "அண்ணாச்சி, மில்லு எப்போ திறப்பீங்க? மாவு அரைக்க அஞ்சு கிலோமீட்டர் போகவேண்டியிருக்கு"ன்னு கேட்டாங்க. அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

(அரங்கம் அமைதி)

நடுவர் அவர்களே, இதிலே யார் கெட்டவர்? என் அப்பாவா? வாத்தியாரா? இரண்டு பேரும் இல்லை. ஒருத்தர் தொழில் போனது, ஒருத்தர் தூக்கம் போனது. சத்தத்துக்குப் பக்கத்திலே அமைதியை விற்றுக் காசு பண்ணிக்கொண்டு போனாரே, அந்த மூன்றாவது ஆளை யாரும் கோர்ட்டுக்குக் கூப்பிடவே இல்லை. மனுவிலே அவர் பெயர் இல்லை. நோட்டீஸிலே அவர் பெயர் இல்லை.

அந்த மூன்றாவது ஆளைக் கூண்டிலே ஏற்றிய தீர்ப்பு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவிலே அரிசோனா மாநிலம். பீனிக்ஸ் நகரத்துக்கு வெளியே ஒரு மாட்டுப் பட்டி. இருபதாயிரம், முப்பதாயிரம் மாடு கட்டிக் கொழுக்க வைக்கிற பட்டி. 1956-இலே தொடங்கியது. 1959-இலே டெல் வெப் என்ற பெரிய வீட்டு நிறுவனம் அந்தப் பக்கம் இருபதாயிரம் ஏக்கர் வாங்கி, ஓய்வுபெற்றவர்களுக்கு என்று 'சன் சிட்டி' என்ற ஊரைக் கட்டியது. நிலம் சல்லிசாகக் கிடைத்தது. வீடு கட்டிக் கட்டி, விற்று விற்று, பட்டிக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டார்கள். ஈ! நாற்றம்! தாத்தா பாட்டி திண்ணையிலே உட்கார முடியவில்லை. விற்றவரே கேஸ் போட்டார்: "பட்டியை மூடு!"

1972-இலே அரிசோனா சுப்ரீம் கோர்ட் சொன்னது: "குடியிருக்கிற முதியவர்கள் பாவம், பட்டி போகத்தான் வேண்டும். ஆனால் தெரிந்தே அவர்களை அங்கே கூட்டிக்கொண்டு வந்தது நீ. ஆகவே பட்டிக்காரர் இடம் மாறுகிற செலவை, மூடுகிற செலவை நீ கொடு!" (பலத்த கைதட்டல்)

எதிரணி நண்பர்கள் "பட்டி போகத்தானே சொன்னார்கள்" என்பீர்கள். ஆமாம். ஈ மொய்த்து நோய் வருகிற இடத்திலே அதுதான் சரி. பந்தயச் சத்தம் அந்த வகை இல்லை. நாள் வைத்து, நேரம் வைத்து அடக்கலாம். நான் பார்ப்பது பணம் யார் பையிலிருந்து போனது என்பதை. என் அப்பாவுக்கு அப்படி ஒரு கோர்ட் கிடைத்திருந்தால் அரவைக் கல் வாசல்படி ஆகியிருக்காது.

அமெரிக்காவிலே உழவர்களுக்கு இந்தக் காவல் எப்போதோ வந்துவிட்டது. ஐம்பது மாநிலத்திலும் சட்டம் இருக்கிறது: முன்னாலிருந்தே நடக்கிற பண்ணையின் பக்கத்திலே வந்து வீடு கட்டிவிட்டு, சாண நாற்றம், டிராக்டர் சத்தம் என்று சுலபமாக வழக்குப் போட முடியாது. துப்பாக்கி சுட்டுப் பழகுகிற திடல்களுக்கும் பல மாநிலங்களிலே உண்டு. பந்தயத் திடலுக்கும் அதே மாதிரி கொடுங்கள் என்றுதான் இப்போது அங்கே சட்டசபைகளிலே மசோதா வருகிறது. கலிபோர்னியாவிலே லகுனா சேக்கா என்று ஒரு தடம். 1957-இலே திறந்தது. அதுவே ஏன் கட்டினார்கள்? முன்பு பெபிள் பீச்சிலே மரங்களுக்கு நடுவே சாலையிலே ஓட்டினார்கள். 1956-இலே ஒரு வீரர் மரத்திலே மோதி இறந்துபோனார். அதற்குப் பிறகு பாதுகாப்புக்காகத் தனித் தடம் கட்டினார்கள். ஊருக்கு நல்லது என்று ஒதுங்கிப் போன அந்தத் தடத்தின் மீதே 2023 டிசம்பரிலே அக்கம்பக்கத்தார் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். நம்ம சோழவரம் ஞாபகம் வருகிறதா? யுத்த காலத்து விமான ஓடுபாதையிலே ஓட்டிக்கொண்டிருந்தவர்கள், பிறகு இருங்காட்டுக்கோட்டையிலே தனித் தடம் கட்டிக்கொண்டார்கள். 1990-இலே அது திறந்தது. அங்கே பக்கத்திலே வந்தது வீடு இல்லை, கார் கம்பெனி. கார் கம்பெனிக்காரன் கார் சத்தத்தைக் குறை சொல்வானா? (சிரிப்பு)

இங்கிலாந்திலும் பாடம் படித்தார்கள். 2018-இலே கட்டடத் திட்டக் கொள்கையிலே ஒரு விதியைச் சேர்த்தார்கள். முன்பே நடக்கிற தொழிலுக்குப் பக்கத்திலே புதிதாக வீடு கட்டுகிறவர், அந்தச் சத்தத்துக்கு வேண்டிய பாதுகாப்பை அவரே தன் செலவிலே செய்துகொள்ள வேண்டும். இரட்டைக் கண்ணாடி ஜன்னலோ, கனத்த சுவரோ, அது மாற்றத்தைக் கொண்டுவருகிறவர் பொறுப்பு. பின்னாலே வந்தவர்களைக் காட்டி, முன்னால் இருந்தவர் மேலே புதுக் கட்டுப்பாடு போடக்கூடாது.

சரி, இப்போது சகோதரி கேட்ட கடினமான கேள்விக்கு வருகிறேன். "காவல் கொடுத்துவிட்டால் திடல்காரர் இஷ்டத்துக்கு ஆடமாட்டாரா? ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டியவர் தினமும் ஓட்டமாட்டாரா?" என்றார்கள். ஆடுவார். மனுஷன்தானே! அதனாலே நான் கேட்கிற காவலுக்கு வேலி உண்டு. நீ என்றைக்கு வந்தாயோ, என்ன அளவிலே நடத்தினாயோ, அந்த அளவுக்குத்தான் காவல். வீடுகள் வந்த பிறகு நீ புதிதாக ஏற்றுகிற சத்தத்துக்குக் காவல் இல்லை. அங்கே நீ பின்னால் வந்தவன்!

இதற்குப் பழைய உதாரணமே இருக்கிறது. உலகத்திலே மோட்டார் பந்தயத்துக்கென்றே கட்டிய முதல் பெரிய தடம் இங்கிலாந்தின் புரூக்லேண்ட்ஸ். 1907 ஜூனிலே திறந்தார்கள். திறந்த பத்துப் பதினைந்து நாளிலே ஒருவர் 24 மணி நேரம் விடாமல் சுற்றிச் சாதனை செய்தார். ராத்திரி பூராவும்! சுற்றிலும் வீடு. அங்கே வீடுதான் முன்னே, தடம் பின்னே. வழக்கு வந்தது. ராத்திரி ஓட்டம் நின்றது. பிறகு 1920-களிலே பெரிய சைலன்ஸர் மாட்டினால்தான் உள்ளே விடுவோம் என்றார்கள். 1929-இலே 24 மணி நேரப் பந்தயம் நடத்த ஆசை வந்தது. என்ன செய்தார்கள்? பகலிலே 12 மணி நேரம் ஓட்டி, ராத்திரி காரைப் பூட்டி வைத்து, மறுநாள் 12 மணி நேரம் ஓட்டினார்கள். எவ்வளவு அழகான ஏற்பாடு! பின்னால் வந்தது தடம், ஆகவே பணிந்தது தடம். நான் கேட்கிற நியாயம் இரண்டு பக்கமும் வெட்டும். வீடு முன்னே வந்திருந்தால் வீட்டுக்கே என் ஓட்டு.

யார்க்‌ஷயரிலே கிராஃப்ட் என்று ஒரு தடம். யுத்த காலத்து விமான தளம்தான் அதுவும். 1960-களிலே பந்தயம் நடந்தது, நடுவிலே அடங்கியது, 1990-களிலே மறுபடி பெரிதாகத் தொடங்கியது. பக்கத்து வீட்டார் வழக்குப் போட்டார்கள். 2009-இலே அப்பீல் கோர்ட், பெரும் சத்தப் பந்தயம் ஆண்டுக்கு 40 நாள் என்று வரையறுத்தது. தடமும் பிழைத்தது, வீட்டாருக்கும் காலண்டரிலே அமைதியான நாள் இது என்று தெரிந்தது. இப்படி ஒரு கணக்கை வழக்கு இல்லாமலே சட்டம் எழுதி வைக்கலாமே! அதற்கு எதற்கு ஆயிரக்கணக்கிலே பவுண்டு?

நடுவர்: முடிவுக்கு வாங்க.

இதோ முடிக்கிறேன் அய்யா. என் மனைவி கேட்ட கேள்விக்கு வருகிறேன். "தூங்கிக் காட்டினீங்களா?" என்றாளே, அதுதான் சரியான கேள்வி. மனை விற்றவர் வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு வந்தார். பந்தயத் தடத்துக்குப் பக்கத்திலே வீடு விற்கிறவர் மட்டும் பந்தய நாளிலா கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்? கலிபோர்னியாவிலே விமான நிலையத்துக்குப் பக்கத்திலே வீடு விற்றால், 'இங்கே விமானச் சத்தம் உண்டு' என்று வாங்குகிறவருக்கு எழுதிக் கொடுக்கவேண்டும். சட்டம் அப்படி. அதைப் பந்தயத் தடத்துக்கும் செய்யுங்கள். தடம் எந்த வருஷம் வந்தது, வருஷத்துக்கு எத்தனை நாள் ஓடும், எத்தனை மணிக்கு முடியும் என்று எழுதிக் கொடு. படித்துக் கையெழுத்துப் போட்டு வாங்கினவர் பிறகு வழக்குக்கு வரக்கூடாது. எழுதிக் கொடுக்காமல் விற்றவன் நஷ்டஈடு கட்டவேண்டும்.

அந்த வாத்தியார் இறந்த பிறகு, அவர் மகன் வீட்டை விற்க வந்தார். பத்திரம் எழுதும்போது சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டார். பழைய பத்திரத்தை வாங்கிப் பார்த்தேன். செக்குபந்தி என்று நாலு எல்லை எழுதுவார்கள் இல்லையா? கிழக்கே தெரு, வடக்கே பதினாலாம் நம்பர் மனை, தெற்கே வாய்க்கால். மேற்கே, என் அப்பா பெயர் போட்டு, 'மாவு மில்லுக்குக் கிழக்கு' என்று எழுதியிருந்தது. மில் பத்திரத்திலே இருந்தது நடுவர் அவர்களே. காலையிலே எட்டு மணிக்கு அது ஓட ஆரம்பிக்கும் என்ற ஒரு வரிதான் இல்லை. அந்த ஒரு வரியைத்தான் சட்டத்திடம் கேட்கிறோம்.

(மணி ஒலிக்கிறது)

மணியும் அடித்துவிட்டது. இந்தச் சத்தத்துக்கு நான் கேஸ் போட முடியாது. எனக்கு முன்னாலேயே மேடையிலே இருந்தது. (சிரிப்பு, கைதட்டல்)